பியானோஃபோர்ட்டே என்றால் பியானோதானா? அப்படியானால் ஃபோர்ட்டேபியானோ எது?

நீங்கள் கேட்டது இது: உறவினர் வீட்டில் ஒரு பழைய பியானோ இருக்கிறது. மூடியைத் திறந்தால் கட்டைகளுக்கு மேலே, நிறுவனப் பெயருக்குக் கீழே, 'பியானோஃபோர்ட்டே மேக்கர்ஸ், லண்டன்' என்று பொன்னெழுத்தில் இருக்கிறது. ஃபோர்ட்டேபியானோ என்பது மொசார்ட் காலத்துக் கருவி என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றா, வீட்டில் இருப்பது அபூர்வப் பொருளா என்பது உங்கள் சந்தேகம்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பியானோஃபோர்ட்டே என்பது பியானோவின் முழுப்பெயர். கருவி அதேதான். ஃபோர்ட்டேபியானோ என்பதும் ஒரு காலத்தில் அதே பெயர்தான், இரண்டு பாதிகளும் இடம் மாறி நிற்கின்றன, அவ்வளவே. ஆனால் இன்றைய இசை உலகத்தில் அந்தச் சொல்லை 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட பழைய வகைப் பியானோவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் உறவினர் வீட்டுக் கருவி அந்த வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமானால் இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகருக்குப் போக வேண்டும். மெடிச்சி குடும்பத்து இளவரசர் ஃபெர்டினாண்டோவிடம் 1688 முதல் வேலை பார்த்தவர் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி. பாதுவா ஊர்க்காரர், விசைப்பலகைக் கருவிகள் செய்பவர். அப்போது வீடுகளிலும் அரண்மனைகளிலும் இருந்த பெரிய கருவி ஹார்ப்சிகார்ட். அதில் கட்டையை அழுத்தினால், பறவை இறகின் தண்டைச் சீவிச் செய்த ஒரு சின்ன முள் கம்பியை மீட்டிவிட்டுப் போகும். நீங்கள் எவ்வளவு பலமாக அழுத்தினாலும் முள் மீட்டுவது ஒரே மாதிரிதான். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ விரலால் முடியாது. இன்னொரு கருவி கிளாவிகார்ட். அதில் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும், ஆனால் மொத்தமே முணுமுணுப்பு அளவுதான். பக்கத்து அறைக்குக் கேட்காது.

கிறிஸ்தோஃபோரி மீட்டுவதை விட்டுவிட்டு, கம்பியைச் சுத்தியலால் அடிக்க வைத்தார். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கட்டையை நீங்கள் அழுத்திப் பிடித்திருக்கும்போது சுத்தியலும் கம்பியின் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் ஒலி செத்துவிடும். அதனால் அடிக்கிற கணத்துக்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, தன் வேகத்திலேயே கம்பிவரை போய் அடித்துவிட்டுத் திரும்பி விழ வேண்டும். அந்த விடுபடும் அமைப்பைத்தான் அவர் கண்டுபிடித்தார். இன்றைய பியானோவுக்குள்ளும் இருப்பது அந்த யோசனைதான், பல மடங்கு நுணுக்கமாகியிருக்கிறது. அவர் செய்த பியானோக்களில் மூன்று இன்றும் மிஞ்சியிருக்கின்றன: 1720இல் செய்தது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், 1722இல் செய்தது ரோமில், 1726இல் செய்தது ஜெர்மனியின் லைப்சிக்கில்.

இந்தக் கருவிக்கு அவர் பெயரே வைக்கவில்லை என்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். 1700ஆம் ஆண்டு மெடிச்சி குடும்பத்தின் இசைக்கருவிகளைக் கணக்கெடுத்து எழுதிய பட்டியலில் இது 'ஆர்ப்பிசெம்பலோ' என்று வருகிறது. கூடவே ஒரு விளக்கம்: புதிதாகக் கண்டுபிடித்தது, பியானோவும் ஃபோர்ட்டேவும் செய்வது. இத்தாலிய மொழியில் இசையைப் பொறுத்தவரை பியானோ என்றால் மெல்ல, ஃபோர்ட்டே என்றால் பலமாக. 1711இல் ஷிப்பியோனே மாஃபே என்ற அறிஞர் இந்தக் கருவியைப் பற்றி ஒரு பத்திரிகையில் விரிவாக எழுதினார். அவர் வைத்த பெயர் 'பியானோவும் ஃபோர்ட்டேவும் உள்ள கிராவிசெம்பலோ'. செம்பலோ என்றால் ஹார்ப்சிகார்ட். ஆக அன்றைக்கு இது மெல்லவும் பலமாகவும் வாசிக்கக்கூடிய ஒரு ஹார்ப்சிகார்ட், அவ்வளவுதான். பெயர்ச்சொல் செம்பலோ, பியானோவும் ஃபோர்ட்டேவும் அதற்கு அடைமொழி.

அப்புறம் நடந்தது நம் ஊரில் 'பிளாக் அண்ட் ஒயிட் டிவி' வெறும் 'பிளாக் அண்ட் ஒயிட்' ஆன கதைதான். பெயர்ச்சொல் உதிர்ந்துபோய் அடைமொழி மட்டும் நின்றது. நடுவில் உள்ள 'உம்' கூடச் சில இடங்களில் தங்கியிருந்தது. 1732இல் ஃபுளோரன்ஸில் லோதோவிகோ ஜுஸ்தினி என்பவரின் 12 சொனாட்டாக்கள், அதாவது பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்புகள், அச்சாயின. பியானோவுக்கென்றே எழுதி அச்சிட்ட முதல் இசை அது. அதன் தலைப்பில், மெல்லவும் பலமாகவும் ஒலிக்கும் இந்தச் செம்பலோவைப் பேச்சுவழக்கில் 'சின்னச் சுத்தியல்கள் உள்ளது' என்று சொல்வார்கள் என ஒரு விளக்கமும் உண்டு. நூலோர் ஒரு பெயரும் ஊரார் ஒரு பெயரும் வைத்திருந்திருக்கிறார்கள்.

மாஃபேயின் கட்டுரை 1725இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. ஃப்ரைபெர்கில் ஆர்கன் செய்துகொண்டிருந்த காட்ஃப்ரீட் சில்பர்மான் அதே வகையில் பியானோ செய்ய ஆரம்பித்தார். முதலில் செய்ததை இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் வாசித்துப் பார்த்துவிட்டு, மேல் ஸ்தாயி பலவீனம், கட்டை கனம் என்று குறை சொன்னதாக அவருடைய மாணவர் அக்ரிகோலா எழுதியிருக்கிறார். சில்பர்மான் கோபப்பட்டாலும் திருத்திச் செய்தார். 1747இல் பாக் போட்ஸ்டாம் அரண்மனைக்குப் போய் மன்னர் ஃபிரெடரிக் முன்னால் வாசித்த செய்தி பெர்லின் பத்திரிகையில் வந்தது. அதில் கருவியின் பெயர் 'ஃபோர்ட்டேவும் பியானோவும் என்று சொல்லப்படுவது' என்று இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து, போலந்துப் பிரபு ஒருவருக்கு இதே வகைக் கருவி ஒன்றை விற்ற ரசீதில் பாக் 'பியானோவும் ஃபோர்ட்டேவும்' என்று குறித்திருக்கிறார். ஒரே நாடு, ஒரே ஆள் சம்பந்தப்பட்ட கருவி, இரண்டு வரிசை. எது முன், எது பின் என்று யாரும் கவலைப்படவில்லை.

இங்கிலாந்தில் பியானோஃபோர்ட்டே என்ற வரிசைதான் நிலைத்தது. 1766 முதல் லண்டனில் யோஹானஸ் சூம்பே என்ற ஜெர்மானியர் மேஜைபோல் செவ்வகமாக இருக்கும் சின்னப் பியானோக்களைச் செய்து விற்றார். ஸ்கொயர் பியானோ என்று பெயர், ஆனால் சதுரமாக ஒன்றும் இருக்காது. 1767 மே மாதம் கோவென்ட் கார்டன் நாடக அரங்கின் விளம்பரத் தாளில், பாடகி ஒருவருக்குச் சார்லஸ் திப்தின் 'பியானோ ஃபோர்ட்டே என்னும் புதிய கருவி'யில் பக்கவாத்தியம் வாசிப்பார் என்று போட்டிருந்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அது நடுத்தர வீட்டுப் பெண்பிள்ளைகளின் படிப்பில் கட்டாயப் பாடமாகிவிட்டது. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலில் யார் அனுப்பியது என்று தெரியாமல் வந்து இறங்கும் பரிசு ஒரு ஸ்கொயர் பியானோஃபோர்ட்டேதான், பிராட்வுட் கடையில் வாங்கியது. அந்தக் காலத்து ஆங்கில நாவல்களில் இந்தச் சொல்லைப் பார்க்கும்போது ஏதோ தனிக் கருவி என்று எண்ண வேண்டாம். பியானோ என்று சுருக்கிச் சொல்லும் வழக்கம் அப்போதே வந்துவிட்டது. முழுப்பெயர் கொஞ்சம் மரியாதையான எழுத்துநடை.

பீத்தோவன் இதில் ஒரு தமாஷ் செய்தார். 1817 ஜனவரியில் தன் பதிப்பாளர் ஷ்டைனருக்கு எழுதிய கடிதத்தில், இனிமேல் ஜெர்மன் மொழியில் தலைப்பிடும் எல்லாப் படைப்புகளிலும் பியானோஃபோர்ட்டே என்ற இத்தாலியச் சொல்லுக்குப் பதில் ஹாமர்கிளாவியர் என்றே போட வேண்டும் என்று, ராணுவத் தளபதி உத்தரவு போடுவதுபோல் எழுதினார். அவர்களுக்குள் அப்படி ஒரு விளையாட்டு, ஷ்டைனருக்கு லெப்டினன்ட் ஜெனரல் பட்டமே கொடுத்திருந்தார். ஹாமர் என்றால் சுத்தியல், கிளாவியர் என்றால் விசைப்பலகைக் கருவி. தனித்தமிழ் ஆர்வம்போல ஒரு தனிஜெர்மன் ஆர்வம் என்று வைத்துக்கொள்ளலாம். 101ஆம் எண் சொனாட்டாவின் தலைப்பிலும் அந்தச் சொல் வந்தது, 1819இல் வெளியான 106ஆம் எண்ணிலும் வந்தது. ஆனால் உலகம் 106ஐ மட்டும் 'ஹாமர்கிளாவியர் சொனாட்டா' என்று கூப்பிடுகிறது. பலர் அதை, சுத்தியலால் அடித்ததுபோல் முழங்கும் அதன் தொடக்கத்துக்கு வைத்த பட்டப்பெயர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது 'பியானோ சொனாட்டா' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கிளாவியர் என்ற சொல்லிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. இன்றைய ஜெர்மனில் அது பியானோ. பாக் 1722இல் 'வோல்டெம்பெரியர்ட்டஸ் கிளாவியர்' தொகுப்பை எழுதியபோது அது எந்த விசைப்பலகைக் கருவியையும் குறிக்கும் பொதுச்சொல். செம்பலோவும் அப்படித்தான் ஏமாற்றும். மொசார்ட் தன் பியானோ கான்செர்ட்டோக்களின் (இசைக்குழுவோடு சேர்ந்து பியானோ வாசிக்கும் படைப்புகள்) கைப்பிரதிகளில் பெரும்பாலும் செம்பலோ என்றே எழுதினார், பழக்கதோஷம். அவர் வாசித்தது பியானோ என்பதில் சந்தேகமில்லை. 1777 அக்டோபரில் ஆக்ஸ்பர்கிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் யோஹான் ஆண்ட்ரேயாஸ் ஷ்டைன் செய்த பியானோஃபோர்ட்டேக்களைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்திருக்கிறார். பதிப்பாளர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். நாம் 'மூன்லைட்' என்று சொல்லும் பீத்தோவனின் சொனாட்டா 1802இல் வியன்னாவில் அச்சானபோது அட்டையில் 'ஹார்ப்சிகார்ட் அல்லது பியானோஃபோர்ட்டேவுக்கு' என்று இருந்தது. ஹார்ப்சிகார்ட் வைத்திருக்கும் வீட்டுக்காரரும் வாங்க வேண்டுமே! அந்த இசையை ஹார்ப்சிகார்டில் வாசித்தால் பாதி உயிர் போய்விடும்.

மற்ற மொழிகளில் இந்தச் சொல் இன்னும் பழசாகவில்லை. இத்தாலியில் இன்றைக்கும் பியானோஃபோர்ட்டேதான். கம்பிகள் படுக்கையாகக் கிடக்கும் பெரிய கிராண்ட் பியானோவை 'வாலுள்ள பியானோஃபோர்ட்டே' என்பார்கள். ரஷ்யாவில் இசைப்பள்ளிக்குப் போனால் ஃபோர்ட்டேபியானோ வகுப்பு என்று பலகை இருக்கும், உள்ளே இருப்பது சாதாரண இன்றைய பியானோ. அங்கே கிராண்டுக்கு 'ராயல்', கம்பிகள் செங்குத்தாக நிற்கும் அப்ரைட்டுக்குப் 'பியானினோ'. போலந்தில் ஃபோர்ட்டேபியான் என்றாலே கிராண்ட். ஆகவே ரஷ்ய மொழிச் செய்தியை இயந்திர மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, யாரோ மொசார்ட் காலத்துக் கருவியில் வாசித்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பழைய கருவியைச் சொல்ல வேண்டுமென்றால் ரஷ்யர்கள் ஹாமர்கிளாவியர் என்ற ஜெர்மன் சொல்லைத்தான் எடுப்பார்கள். ஜெர்மானியர்களும் இப்போது அதை அந்தப் பொருளில்தான் புழங்குகிறார்கள். பீத்தோவன் ஆசைப்பட்ட பொருள் அது இல்லை.

சரி, அந்தப் பழைய கருவி அப்படி என்ன வேறு? 20ஆம் நூற்றாண்டில் பழைய இசையைப் பழைய கருவியிலேயே வாசிக்கும் இயக்கம் வளர்ந்தபோது, பழைய பியானோவையும் இன்றைய பியானோவையும் பிரித்துச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு பெயர் தேவைப்பட்டது. கையோடு இருந்த ஃபோர்ட்டேபியானோவை எடுத்துக்கொண்டார்கள். பழைய பியானோவில் வாசிக்கும் மால்கம் பில்சன் போன்ற கலைஞர்களின் இசைத்தட்டு அட்டைகளில் இந்தச் சொல் வருவது அதனால்தான்.

மொசார்ட் வீட்டில் இருந்த, வால்டர் என்பவர் செய்த பியானோ இன்று சால்ஸ்பர்கில் இருக்கிறது. அந்த வகையில் ஐந்து ஸ்தாயி, 61 கட்டைகள். இன்றைய பியானோவில் 88. உள்ளே இரும்புச் சட்டம் கிடையாது, முழுக்க மரம். சுத்தியலின் தலையில் கம்பளி ஃபெல்ட் இல்லை, தோல். பெடல் இல்லை, கட்டைப் பலகைக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை முழங்காலால் மேலே தூக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இன்றைய கச்சேரி கிராண்ட் கிட்டத்தட்ட அரை டன். இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன: 1821இல் லண்டனில் எரார், கட்டை முழுக்க மேலே வராமலே மறுபடி அடிக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார், 1825இல் பாஸ்டனில் பாப்காக் ஒரே வார்ப்பான இரும்புச் சட்டத்துக்குப் பெற்றார், 1859இல் ஸ்டைன்வே கிராண்டில் கம்பிகளைக் குறுக்கே போட்டுக் கட்டினார்கள். இரும்பு வந்ததும் கம்பியைத் தடிமனாக்கி இன்னும் இறுக்க முடிந்தது, சத்தம் பெருகியது.

இந்த வித்தியாசம் காதுக்கு எப்படிப் படும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். மேலே சொன்ன மூன்லைட் சொனாட்டாவின் முதல் பகுதியில், தொடக்கம் முதல் முடிவுவரை டாம்பர் இல்லாமல் வாசிக்கவும் என்று பீத்தோவன் எழுதிவைத்தார். டாம்பர் என்பது விரலை எடுத்ததும் கம்பியின் மேல் அமர்ந்து ஒலியை நிறுத்தும் ஃபெல்ட் அல்லது தோல் வைத்த கட்டை. அதைத் தூக்கியே வைத்துவிட்டால் ஒரு ஸ்வரத்தின் மேல் அடுத்தது, அதன் மேல் அடுத்தது என்று எல்லாம் கலந்து ஒலிக்கும். பழைய கருவியில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் அது மெல்லிய பனிமூட்டம்போல் அழகாக வரும். இன்றைய கிராண்டில் அப்படியே செய்து பாருங்கள், கொஞ்ச தூரம் தாண்டுவதற்குள் குழம்பிவிடும். அதனால் இன்றைக்குப் பெரும்பாலோர் பெடலை மாற்றி மாற்றித்தான் வாசிக்கிறார்கள். பீத்தோவனுக்குக் காது மந்தமானதால் இப்படி எழுதிவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தன் கருவி என்ன செய்யும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இசைத்தாளில் வரும் சுருக்கங்களையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். வரியின் இடப்பக்கத்தில், கருவியின் பெயர் வரும் இடத்தில் 'பி.எஃப்.' என்ற எழுத்துகள் இருந்தால் அது பியானோஃபோர்ட்டே. அதே எழுத்துகள் ஸ்வரங்களுக்கு அடியில் சாய்ந்த எழுத்தில் இருந்தால் கருவியோடு சம்பந்தமே இல்லை. இசையமைப்பாளர் பிராம்ஸ் எழுதினால் பெரும்பாலும் 'போகோ ஃபோர்ட்டே', கொஞ்சம் பலமாக என்று பொருள். எழுத்துகள் திரும்பி 'எஃப்.பி.' என்று ஸ்வரத்துக்கு அடியில் வந்தால், பலமாக அடித்து உடனே மெல்லியதாக்கு. அதையும் ஃபோர்ட்டேபியானோ என்றுதான் வாசிப்பார்கள். ஒரே சொல், அங்கே கருவி இல்லை, கட்டளை.

இனி உங்கள் உறவினர் வீட்டுக் கருவி. ஆங்கிலேய நிறுவனங்கள் 20ஆம் நூற்றாண்டிலும் தங்களைப் 'பியானோஃபோர்ட்டே மேக்கர்ஸ்' என்றுதான் அழைத்துக்கொண்டன. எனவே அந்தப் பொன்னெழுத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது. இங்கிலாந்திலிருந்து சென்னைக்கும் நீலகிரிக்கும் ஏராளமான பியானோக்கள் கப்பலில் வந்தன. சென்னையில் 1842இல் மிஸ்கித் கம்பெனி என்று தொடங்கிய கடைதான் இன்று மவுண்ட் ரோட்டில் மியூசி மியூசிகல் என்று இருக்கிறது. பழைய பங்களாக்கள், தேவாலயங்கள், கான்வென்ட் பள்ளிகளில் இருப்பவை பெரும்பாலும் இப்படி வந்த அப்ரைட்டுகள்.

மேல்மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இரும்புச் சட்டம் தெரிந்தால் அது நிச்சயமாக ஃபோர்ட்டேபியானோ இல்லை. சட்டத்திலோ பக்கத்து மரத்திலோ ஒரு தொடர் எண் அடித்திருக்கும். பிரபல நிறுவனங்களின் எண்ணுக்கு எந்த ஆண்டு என்ற அட்டவணை உண்டு, ட்யூனரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். முன்பலகையில் மெழுகுவர்த்தி வைக்கும் பித்தளைக் கைகள், அல்லது அவை இருந்த திருகு ஓட்டைகள் இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதி, அல்லது அதற்கடுத்த சில ஆண்டுகள். சுத்தியல்களுக்கு முன்னால் வரிசையாகக் கம்பிகள் நின்று பறவைக்கூண்டுபோல் மறைத்திருந்தால், டாம்பர் மேலே இருக்கும் பழைய ஆங்கிலேய அமைப்பு. ட்யூனர்கள் அதைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவார்கள், அந்தக் கம்பிகளுக்குள் ஸ்ருதி சேர்க்கும் கருவியை நுழைக்கவே சிரமம்.

விலை பற்றி ஆசை வைக்க வேண்டாம். கம்பியை முறுக்கும் ஆணிகள் மரத்தில் பிடிப்போடு இருக்கின்றனவா, ஒலிப்பலகை வெடித்திருக்கிறதா, ஃபெல்ட்டைப் பூச்சி தின்றிருக்கிறதா என்பதுதான் பழைய அப்ரைட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். ரொம்ப நாள் ஸ்ருதி சேர்க்காமல் கிடந்ததென்றால் ஒரே நாளில் இன்றைய ஸ்ருதிக்கு இழுக்கச் சொல்லாதீர்கள். துருப்பிடித்த கம்பி அறுந்துவிடும், இரண்டு மூன்று தவணையில் ஏற்றுவதுதான் முறை. வெள்ளைக் கட்டைகளின் மேல்தகட்டில் குறுக்கே மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். இந்தியாவில் தந்த வியாபாரத்துக்குத் தடை இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வந்த தந்தமும் அதில் அடங்கும். விற்கிற எண்ணம் இருந்தால் விளம்பரம் கொடுப்பதற்கு முன் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.